ஒன்பதாவது வளைவில் இறங்கியவள்

இது என்னிடமிருந்துதான் உனக்கு வந்ததா? நீ பெங்களூரிலிருந்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஐந்து வாரமும் இந்தக் கேள்வியோடுதான் சமைத்தேன், கல்லூரிக்குப் போனேன், வந்தேன். எனக்கு விடை தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் குணம் விதை வழியாக வருகிறது, எது மண்ணாலும் வெயிலாலும் வருகிறது என்று இருபத்தைந்து வருடமாகக் கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன். பட்டாணிச் செடிக்குப் போட முடிந்த கட்டத்தை உனக்குப் போட முடியவில்லை. என் ரத்தத்தோடு வந்ததா, இல்லை எட்டு வயதில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவில் நடந்தபோது என் உள்ளங்கையிலிருந்து ஒட்டிக்கொண்டதா? 'இது' என்று நான் எதைச் சொல்கிறேன் என்பது உனக்குத் தெரியும். தெரியாது என்றுதான் நீ சொல்வாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ மாடியில் இருக்கிறாய். நான் கீழே சாப்பாட்டு மேசையில் இருக்கிறேன். நடுவில் பதினாறு படிகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உன் அப்பா நாற்காலியிலேயே தூங்குகிறார், மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. ஏறி வந்து சொல்லிவிடலாம். ஆனால் நம் வீட்டில் இப்படிப்பட்ட பேச்சு படியேறிப் போனதில்லை. அதற்குக் காரணம் நான். ஆகவே கடிதம். விஷயம் இதுதான். நாளைக்கு ராஜினாமாக் கடிதத்தை அனுப்பப்போவதாக நேற்றுச் சாப்பிடும்போது சொன்னாய். அதே நாளைக்கு, காலை பத்தரை மணிக்கு, வழுதக்காட்டில் ஒரு மனநல டாக்டரிடம் உன் பெயரில் நேரம் வாங்கிவைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் வாங்கியது தவறு. மன்னித்துக்கொள். இரண்டில் எதை நீ செய்வாய் என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் செய்யலாம், இரண்டையும் செய்யாமலும் இருக்கலாம். முடிவு செய்வதற்கு முன் இதைப் படித்துவிடு.

வேலையை விடுவதற்கு நீ சொன்ன காரணங்கள் நன்றாக இருந்தன. கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து முகம் தெரியாத ஒரு தேசத்து முதலாளிக்கு உழைப்பதில் அர்த்தம் இல்லை என்றாய். ஊரிலேயே இருந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன் என்றாய். உன் அப்பாவுக்குப் பெருமை. "அம்மைக்க பிள்ளையாக்கும். கொள்கை உண்டு அவனுக்கு" என்றார். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த உன் அத்தையும், "தாயும் பிள்ளையும் ஒரே அச்சு, கேட்டியா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாள். நான் சாம்பார் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்தக் காரணங்களின் நேர்த்திதான் என்னைக் கலவரப்படுத்தியது. அலுவலகத்தில் உடம்புக்கு நல்லது என்று லிஃப்டை விட்டு ஒன்பது மாடி படியேறியதாக முன்பு ஒருமுறை சொன்னாய். பிறகு, நெரிசல் இல்லை என்பதால் விடியற்காலை பஸ்ஸில் போவதாகச் சொன்னாய். பிறகு வீட்டிலிருந்தே வேலை. பிறகு இந்த வீடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம். இப்படி ஒவ்வொரு படியாக இறங்கிய இன்னொருத்தியை எனக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது கரமனை பஸ் ஸ்டாப்பில் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. புத்தகக் கடைக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டிருந்தாய். ஒரு பஸ் வந்தது, காலியாகத்தான் இருந்தது, நீ ஏறவில்லை. இன்னொன்று வந்தது. மூன்றாவதும் வந்து போனது. உன் வலது கட்டைவிரல் இடது மணிக்கட்டில் இருந்தது, வாட்ச் பட்டையைச் சரிசெய்வதுபோல. வாட்ச் பட்டையை யாரும் அவ்வளவு நேரம் சரிசெய்ய மாட்டார்கள். நீ நாடியை எண்ணிக்கொண்டிருந்தாய். அந்த விரலை எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு மேல் என் கையில் இருந்த விரல் அது. நீ வீட்டுக்கு வந்து, கடை பூட்டியிருந்தது என்றாய். நானும் சரி என்றேன்.

இனி என் கதை. நீ மூன்றாம் வகுப்பில் இருந்தாய். தாவரவியல் இரண்டாம் வருட மாணவிகளைப் பொன்முடி மலைக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு அந்த வருடம் எனக்கு. ஒவ்வொரு வருடமும் போகிற பயணம்தான். காலையில் செடி அழுத்தும் பலகைகளையும் பழைய செய்தித்தாள் கட்டுகளையும் பஸ் மேல் ஏற்றினோம். நெடுமங்காட்டில் ஆப்பமும் கடலைக் கறியும். விதுரை தாண்டியதும் காற்று மாறும், உனக்குத் தெரியும், ஈரமான தேயிலையும் புகையும் கலந்த ஒரு மணம். இன்றைக்கும் அந்த மணம் எங்கிருந்தாவது வந்தால் எனக்கு முப்பத்து மூன்று வயதாகிவிடுகிறது. கல்லாறு கடந்து கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. மொத்தம் இருபத்திரண்டு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய கல் உண்டு. பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவது கல்லைப் பார்த்தது நினைவிருக்கிறது. திடீரென்று இதயம் தாறுமாறாக அடித்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. மூச்சு பாதியில் நின்றது. பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. நான் சாகப்போகிறேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எதையும் சந்தேகப்படுவதையே பழக்கமாக வைத்திருந்தவள், சந்தேகமே இல்லாமல் ஒன்றை நம்பியது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

சாகவில்லை. பஸ்ஸைத் திருப்பி விதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். இதயத்துக்கு ஒன்றும் இல்லை, கேஸாக இருக்கும் என்றார்கள். அடுத்த மாதம் சாலைக் கடைத்தெருவில் கருப்பட்டி வாங்கும்போது வந்தது. அதற்கடுத்து ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியின் நடுவில். ஒவ்வொரு முறையும் ஈசிஜி எடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் "ஒன்றும் இல்லை". அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு அவமானமாக இருந்தது. ஒன்றும் இல்லாததற்கு ஒருத்தி எப்படி இவ்வளவு நடுங்க முடியும்? ஆகவே வந்த இடங்களுக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு, வரக்கூடிய இடங்களுக்குப் போவதையும் நிறுத்தினேன். அரங்கம் என்றால் கதவோரம் கடைசி வரிசை. கடைத்தெரு என்றால் நீ கூட வரவேண்டும். உன்னை நான் கூட்டிப்போகிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். உண்மையில் நீதான் என்னைக் கூட்டிப்போனாய். உன் பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்துத்தான் நான் வெங்காயம் வாங்கினேன்.

இதில் கடைத்தெருவையும் கல்யாணத்தையும் சமாளித்துவிடலாம். பொன்முடி வருடா வருடம் வருமே, அதற்கு என்ன செய்வது? இங்கேதான் நான் படித்தவளுக்கே உரிய தவறைச் செய்தேன். அடுத்த வருடப் பயணத்துக்குத் தேதி குறித்தபோது, துறைத் தலைவருக்கு மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக்கொடுத்தேன். வருடத்துக்கு நாற்பது பெண்கள் போய் ஆளுக்கு இருபது செடி பிடுங்கினால் மலையில் என்ன மிஞ்சும், இந்தக் கொள்ளைக்கு நான் துணைபோக மாட்டேன் என்று. நல்ல குறிப்பு அது. ஒரு வரிகூடப் பொய் இல்லை. பயத்தை மறைக்க உண்மையைப்போல வசதியானது வேறு இல்லை என்று அப்போதுதான் கண்டுகொண்டேன். துறைத் தலைவர் அதை நோட்டீஸ் போர்டில் போட்டார். மாணவிகள் நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஒரு சுற்றுச்சூழல் மன்றம் என்னைப் பேச அழைத்தது, அதுவும் பொன்முடி விருந்தினர் மாளிகையில். மலைக்கு வாகனப் புகை கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடு இல்லை என்று பதில் எழுதினேன். அதற்கும் பாராட்டிக் கடிதம் வந்தது.

ஒரே ஒருத்திதான் மயங்கவில்லை. உன் அத்தை. ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது தலையைத் தூக்காமல் கேட்டாள்: "மைனி, நான் ஒண்ணு கேக்கட்டா? கோயில் கூட்டத்துக்கு வரமாட்டிய, அது கொள்கை. கல்யாணத்துக்கு வந்தா சாப்பிடாம இறங்கிருவிய, அதும் கொள்கை. ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஏறமாட்டிய, கரண்டு மிச்சம் பிடிக்கியளாக்கும். எல்லாம் கொள்கைதானா, இல்ல பயமா?" நான் அவளுக்கு ஆற்றல் சேமிப்பைப் பற்றிப் பத்து நிமிடம் விளக்கினேன். "செரி, செரி. படிச்சவங்க சொன்னா செரிதான்" என்று முறத்தை உதறிவிட்டு எழுந்துபோனாள்.

இப்போது நீ வருகிறாய். ஐந்தாம் வகுப்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா. பேச்சுப் போட்டியில் உனக்குத் தலைப்பு 'என் அம்மா'. மலையாளத்தில் பேசினாய். நம் வீட்டில் யாரும் அவ்வளவு நல்ல மலையாளம் பேசியதில்லை. நான் வழக்கம்போலக் கடைசி வரிசையில் கதவோரம் இருந்தேன். "என் அம்மா பொன்முடிக்குப் போகவே மாட்டார். ஒரு செடியைக்கூட நோகவிடக் கூடாது என்பது அவர் கொள்கை. இப்போதும் பாருங்கள், எங்கே வந்தாலும் முன்வரிசையில் உட்காராமல் கடைசியில்தான் உட்காருவார்" என்று கையை நீட்டிக் காட்டினாய். முன்னூறு பேர் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் அந்த நேரத்தில் கதவுக்கு எத்தனை எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உனக்கு முதல் பரிசு, மூடி போட்ட ஒரு நீல பிளாஸ்டிக் டப்பா. இன்னும் அதில்தான் கடுகு இருக்கிறது.

அதை நான் தாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. உன் வகுப்பு பொன்முடிக்குச் சுற்றுலா போனது. சம்மதக் கையெழுத்து வாங்கும் தாளை நீ என்னிடம் காட்டவே இல்லை. உன் வகுப்பு டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நான் போகல்ல. நம்ம போறதில்லல்லா" என்றாய், பெரிய மனுஷன் மாதிரி. அந்தச் சனிக்கிழமை நீ வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பஸ் நம் தெரு முனை வழியாகத்தான் போகும். போயிற்று. ஜன்னல் வழியாக உன் கூட்டாளிகள் கை காட்டினார்கள், நீயும் காட்டினாய். பிறகு உள்ளே வந்து, நான் அழுத்தி வைத்திருந்த செடிகளுக்குச் செய்தித்தாள் மாற்றத் தொடங்கினாய், யாரும் சொல்லாமலே. ஈரத் தாளை எடுத்து, உலர்ந்த தாளை வைத்து, ஒரு இதழ்கூட மடங்காமல். அவ்வளவு கவனமாக நீ அதைச் செய்ததைப் பார்த்தபோது எனக்கு முதல்முறையாக வேறொரு பயம் வந்தது. நான் போகாமல் இருந்ததால் நீயும் போகாமல் இருக்கிறாய். நாளைக்கு எங்கெல்லாம் போகாமல் இருப்பாய்?

திங்கட்கிழமை ஒரு மனநல டாக்டரைத் தேடிப் போனேன். இந்த ஊரில் ஒருவரை மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊளம்பாறைக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அவர் தனியாக நடத்திய இடத்துக்குப் போனேன். கீழே பல் டாக்டர், மேலே இவர், இருவருக்கும் ஒரே மாடிப்படி வாசல். அந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒரு காரணம் என்று ஒத்துக்கொள்கிறேன். இறங்கும்போது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு இறங்குவேன். ஆறு மாதம் எனக்குப் பல் சரியில்லை என்று கல்லூரி முழுக்க நம்பியது. உன் அத்தை கிராம்பு எண்ணெய் கொண்டுவந்து தந்தாள். "மைனிக்கு இன்னும் பல்லு தீரல்லியா? மொத்தம் முப்பத்திரண்டுதானே உண்டு?"

டாக்டர் என்னைவிட இளையவர். மலையாளத்தில் மெதுவாகப் பேசினார். நான் அவரை வாய்மொழித் தேர்வு நடத்துவதுபோல விசாரித்தேன். இது வியாதி என்பதற்கு என்ன ஆதாரம், குணமாகும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று. அவர் கோபப்படவில்லை. உடம்பு ஆபத்தைக் கண்டால் அடிக்க வேண்டிய மணியை ஆபத்து இல்லாதபோது அடிக்கிறது, மணி கேட்டு நீங்கள் ஓடும் ஒவ்வொரு முறையும் ஆபத்து இருந்ததாகவே அது எடுத்துக்கொள்கிறது என்றார். ஓடாமல் நின்றால் மணி தானாக ஓயும், அதைச் சிறிது சிறிதாகச் செய்யலாம் என்றார். பிறகு, நான் தாவரவியல் என்று தெரிந்ததும், "தொட்டாவாடியைத் திரும்பத் திரும்பத் தொட்டால் சுருங்குவது குறையும் என்று நீங்களே பாடம் எடுப்பீர்களே, டீச்சர்" என்றார். "அதுக்கு நரம்பு கிடையாது, டாக்டர்" என்றேன் நான், கறாராக. "அதைத்தான் சொல்கிறேன். நரம்பு இல்லாததே கற்றுக்கொள்கிறது" என்றார். இரண்டு வருடத்தில் என் பயத்தைப் பற்றி நான் சிரித்தது அப்போதுதான்.

நம்ப வேண்டியதில்லை, குறித்துக்கொண்டு வாருங்கள் போதும் என்றார். இடம், நேரம், பயம் பத்துக்கு எத்தனை, எவ்வளவு நேரத்தில் இறங்கியது. அது எனக்குச் சரிப்பட்டது. குறைந்த அளவில் ஒரு மாத்திரையும் தந்தார். ஒரு வருடம் சாப்பிட்டேன், அவர் சொன்னபடி மெல்ல மெல்ல நிறுத்தினேன். மாத்திரை பயத்தை எடுத்துவிடவில்லை. நிற்கிற அளவுக்குக் குறைத்துக்கொடுத்தது, நிற்க வேண்டியது நான். முதல் வாரம் தம்பானூர் பஸ் நிலையத்தில் புறப்படாத பஸ்ஸில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கினேன். பிறகு நெடுமங்காடு. பிறகு விதுரை. துணைக்கு யாரும் கூடாது என்று சொல்லிவிட்டார், முக்கியமாக நீ. சனிக்கிழமைகளில் நான் உன்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனது அதற்காகத்தான். ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். அது நான் சொன்ன கடைசிப் பொய் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை, இன்றுவரை அதை நான் திருத்தவில்லை.

கல்லாறுக்கு மேலே வாரத்துக்கு இரண்டு வளைவு. நான் வளைவில் இறங்கிக்கொள்வேன், பஸ் உச்சிக்குப் போய்த் திரும்பி வரும்வரை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒன்றரை மணி நேரம். மேலே தேயிலை, கீழே காடு, நடுவில் குடையோடு ஒரு லெக்சரர். அந்த பஸ் கண்டக்டர் போனக்காடு எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். நாலாவது வாரத்திலேயே என்னைக் கவனித்துவிட்டார். ஒன்பதாவது வளைவுக்கு டிக்கெட் கேட்ட அன்று, "போன வாரம் ஏழு, இந்த வாரம் ஒம்பதா? நடக்கட்டும், டீச்சரம்மா. பஸ்ல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன், ஒவ்வொரு வளைவுலயும் என்ன செடி இருக்குன்னு டீச்சர் புஸ்தகம் எழுதுறாங்கன்னு" என்றார். பக்கத்து சீட்டுக்காரர்கள் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். மறுபடியும் ஒரு நல்ல காரணம், நான் கேட்காமலே யாரோ செய்து கையில் தந்த காரணம். வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் முதுகு நினைவுக்கு வந்தது.

"புஸ்தகம் ஒண்ணும் இல்லை. எனக்கு இந்த ரோட்டில் வரப் பயம். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகச் சொல்லியிருக்கிறார்" என்றேன். இவ்வளவுதான். ஓடுகிற பஸ்ஸில், முன்பின் தெரியாத இருபது பேர் கேட்க. கண்டக்டர் டிக்கெட் கட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவ்வளவுதானா? முதல்லயே சொல்லியிருந்தா ஜன்னல் சீட்டு போட்டு வச்சிருப்பேன்ல? எங்க லயத்துல எங்க பெரியப்பா இப்பிடித்தான். ஃபேக்டரி மாடிப்படியக் கண்டா வேர்த்துப்போயி உக்காந்துருவாரு. இருபது வருஷம் கீழ்வேலையே பாத்தாரு. எல்லாரும் பேய் புடிச்சிருக்குன்னு மந்திரிச்சாங்க. யாரும் இப்பிடி ஒவ்வொரு படியா ஏத்தி விடல, டீச்சரம்மா." பிறகு மணிக்கயிற்றை இழுத்து, டிரைவரிடம் மலையாளத்தில் கத்தினார், "டீச்சர் ஒம்பதில் இறங்ஙும்!"

இறங்கினேன். அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் உனக்கு அழகாகச் சொல்லப்போவதில்லை. முதல் இருபது நிமிடம் நரகம். பிறகு சலிப்பு. பயத்துக்கு அப்புறம் சலிப்பு இருக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி. பாறை இடுக்கில் ஒரு பெரணிச் செடி இருந்தது, மிகச் சாதாரணமானது, எங்கேயும் கிடைக்கும். என் புகழ்பெற்ற கொள்கையை மீறி அதில் ஒரு இலையைக் கிள்ளிக் குறிப்பேட்டுக்குள் வைத்தேன். பஸ் திரும்பி வந்தது. கண்டக்டர் ஜன்னல் சீட்டில் தன் துண்டைப் போட்டு வைத்திருந்தார்.

அதற்கு ஏழு வாரம் கழித்து உச்சிக்குப் போனேன். அந்த டிசம்பர் விடுமுறையில் உன்னையும் அப்பாவையும் கூட்டிப்போனேன், நினைவிருக்கிறதா? மூடுபனியில் உன் தொப்பி பறந்துபோயிற்று, நீ துரத்திக்கொண்டு ஓடினாய், உன் அப்பா "மக்கா, மக்கா" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். நான் கட்டைச் சுவரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா கொள்கையை மாற்றிக்கொண்டாள் என்று நீ எடுத்துக்கொண்டாய். நான் தலையாட்டினேன். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால், பதினோரு வயதிலேயே உனக்கு இந்தச் சமாசாரத்தின் பெயராவது தெரிந்திருக்கும். பெங்களூரில் முதல்முறை வந்தபோது, எந்த லிஃப்டில், எந்தப் பாலத்தில் என்று எனக்குத் தெரியாது, நீ தனியாக, சாகப்போகிறோம் என்று நினைத்திருப்பாய். ஒரு போன் செய்து, "அம்மா, உனக்கு வந்தது எனக்கும் வந்திருக்கு" என்று சொல்லியிருக்கலாம். நான் அதற்கு வழி வைக்கவில்லை. கேட்க வேண்டிய மன்னிப்புகளில் பெரியது இதற்குத்தான்.

முழுக்கக் குணமாகிவிட்டதா என்று கேட்பாய். இல்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை அது வந்து எட்டிப் பார்க்கும். நான் இருந்த இடத்திலேயே இருப்பேன், அது போய்விடும். அரங்கங்களில் இன்னும் கதவோரம்தான் பிடிக்கிறது, ஆனால் நடுவில் இடம் கிடைத்தாலும் உட்காருவேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். இந்த வைத்தியம் எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த அளவுக்குத் தெரியாது. உனக்கு நேரம் வாங்கியிருக்கிற டாக்டர் அதே டாக்டர்தான், தலை நரைத்துவிட்டது. கீழே அதே பல் டாக்டர்.

உன் ராஜினாமாவை நான் தடுக்கவில்லை. நீ சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மையாக இருக்கலாம். என் மூன்று பக்கமும் உண்மைதான். ஒரு மாதம் பொறுத்துப் பார். லிஃப்டில் ஏறவும் பஸ்ஸில் ஏறவும் முடிந்த பிறகும் அந்தக் கண்ணாடிக் கட்டடம் உனக்கு வேண்டாம் என்று தோன்றினால், விட்டுவிட்டு வா, கணக்குச் சொல்லிக்கொடு. அன்று நானே வாசலில் போர்டு மாட்டுவேன். இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அந்தப் பெரணி இலை அதில் ஒட்டியிருக்கிறது, நிறம் போய்விட்டது. தாளின் மூலையில் ஒட்டிய சீட்டில் இடம், நாள், சேகரித்தவர் எல்லாம் முறைப்படி எழுதியிருக்கிறேன். குறிப்பு என்ற இடத்தில் மட்டும் முறை தவறியிருக்கிறது: 'இறங்கியபோது 9. பஸ் திரும்பியபோது 3.' இதை நான் யாருக்கும் காட்டியதில்லை. நாளைக்கு நான் உன்னோடு வர வேண்டுமென்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் இன்னும் நல்லது.

திங்கட்கிழமை, மாலை. நடந்ததை மட்டும் இதன் அடியில் எழுதிவைக்கிறேன். நேற்று மாலை கடிதத்தையும் தாளையும் உன் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்தேன். காலையில் ஸ்டூல் காலியாக இருந்தது. ஒன்பதேகாலுக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கி வந்தாய். ஒரு தோசையில் பாதி சாப்பிட்டாய். உன் அப்பா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "எங்க மக்கா, காலையிலே?" என்றார். "பல் டாக்டர்ட்ட" என்றாய். "வலி உண்டா?" "கொஞ்சம் நாளாட்டே உண்டு." நான் அடுப்பைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். கேட் அருகில், வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தாய்.

நான் கல்லூரிக்கு லீவு சொன்னேன். பத்தரை ஆயிற்று. பத்தே முக்காலுக்கு டாக்டரின் இடத்திலிருந்து நர்ஸ் போன் செய்தாள். "ஆள் எத்தியில்லல்லோ, டீச்சர்." வந்துவிடுவான், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பஸ் ஸ்டாப் ஐந்து நிமிட நடை. செருப்பை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். போகவில்லை. ஒன்றே காலுக்கு நீ வந்தாய். கால் கழுவினாய். "வியாழக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்காரு" என்றாய். ராஜினாமாவைப் பற்றி நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. சோறும் புளிக்குழம்பும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்த் தூங்கினாய். மேசையைத் துடைக்கும்போது பார்த்தேன், பெரணித் தாளை அங்கே வைத்துவிட்டுப் போயிருந்தாய். சீட்டில் என் மை எழுத்துக்குக் கீழே பென்சிலில் உன் எழுத்து:

'கரமனை ஸ்டாப். முதல் பஸ் 9. இரண்டாவது 9. மூன்றாவது 10. நாலாவது 9. ஏறினேன்.'